இழுப்பதும் சுமப்பதும்

அமெரிக்க தேசத்து ஜனங்களுக்கு ஒரு வினோதமான ஆசை உண்டு. விடுமுறை வந்துவிட்டால் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். ஆனால் வீட்டையும் கூடவே கொண்டுபோக வேண்டும்! படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, ஸ்நான அறை எல்லாம் அடங்கிய ஒரு சக்கர வீட்டை மோட்டார் வண்டியின் பின்னால் பூட்டிக்கொண்டு, மலை, வனம், ஏரி, பாலைவனம் என்று மனம் போன இடமெல்லாம் போய் முகாமிடுகிறார்கள். இந்தச் சக்கர வீட்டுக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் 'டிராவல் டிரெய்லர்'. அதை இழுத்துச் செல்லும் குதிரை, பின்புறம் திறந்த தொட்டியோடு கூடிய 'பிக்-அப் டிரக்'. இண்டியானா மாகாணத்திலுள்ள எல்க்ஹார்ட் என்னும் ஊரும் அதன் சுற்றுப்புறமும் இத்தகைய வண்டிகளைச் செய்வதையே பெருந்தொழிலாகக் கொண்டிருக்கின்றன. சக்கர வீடுகளுக்கு உலகத் தலைநகர் என்ற பட்டத்தையும் அவ்வூர் சூட்டிக்கொண்டிருக்கிறது.

நம் வாசகர்களில் பலருடைய பிள்ளைகளும் பெண்களும் இன்று அந்தத் தேசத்தில் குடியும் குடித்தனமுமாக இருக்கிறார்கள். கோடை விடுமுறையில் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளையும் கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கையும் பார்க்க அவர்களும் டிரெய்லர் பூட்டிக்கொண்டு கிளம்புவதுண்டு. ஊரிலிருந்து போயிருக்கும் பாட்டியும் தாத்தாவும் சில சமயம் கூடப் போவார்கள். ஆகையால் இந்தப் பூட்டுகிற சங்கதியில் ஒளிந்திருக்கும் ஒரு கணக்கை நாமும் அறிந்துகொள்வது நல்லது. கணக்கு ஒன்றும் கடினமானதல்ல, கூட்டலும் கழித்தலுந்தான். ஆனால் அதைப் போடாமல் புறப்படுகிறவர்கள் நடுச் சாலையில் பெண்டு பிள்ளைகளோடு பெரிய ஆபத்தில் சிக்கிக்கொள்ள நேரும்.

வண்டி வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் சொல்வது ஓர் எண். "இந்த டிரக் 11,000 ராத்தல் இழுக்கும், ஐயா!" என்பார். (2.2 ராத்தல் சுமார் ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கர்கள் இன்னும் ராத்தலை விடவில்லை.) இந்த எண்ணுக்கு 'இழுவைத் திறன்' என்று பெயர். விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் வருவது இதுவே. போர்டு கம்பெனியின் 2021-ஆம் வருஷத்து 'எப்-150' வண்டிக்கு, தகுந்த எஞ்சினும் உபகரணங்களும் சேர்த்து வாங்கினால், 14,000 ராத்தல் இழுவைத் திறன் உண்டு என்று விளம்பரம் செய்தார்கள். அப்படியிருக்க, 7,000 ராத்தல் டிரெய்லரைப் பூட்டுவதற்கு என்ன யோசனை என்று யாருக்குமே தோன்றும். அங்கேதான் சங்கடம் ஆரம்பமாகிறது.

சைக்கிள் இழுத்த வீடு

1947-ஆம் வருஷத்தில் எடுத்த ஒரு புகைப்படம் அமெரிக்காவில் மிகவும் பிரசித்தமானது. 'ஏர்ஸ்ட்ரீம்' என்னும் வெள்ளிநிற டிரெய்லர் ஒன்றை ஆல்பிரட் லெடூர்னர் என்ற பிரெஞ்சு சைக்கிள் வீரர் தம்முடைய சைக்கிளின் பின்னால் கட்டி இழுத்துப் போகிறார்! இவர் சாமான்யர் அல்ல. 1941-இல் ஒரு மோட்டார் காரின் பின்னே காற்றுக்கு மறைவாகச் சென்று, மணிக்குச் சுமார் 109 மைல் வேகத்தில் சைக்கிள் விட்டவர். ஆயினும், அந்தப் படத்தில் மாயம் எதுவும் இல்லை. சமதரையில், சக்கரங்கள் உருளத் தொடங்கிவிட்ட பிறகு, வண்டியின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு விசை இருந்தால் அதை மெதுவாக இழுத்துவிடலாம். நின்றுபோன பஸ்ஸைப் பிரயாணிகள் இறங்கித் தள்ளுவதை நாம் பார்த்ததில்லையா? தங்கள் வண்டி எவ்வளவு லேசானது என்பதை ஊருக்குக் காட்டவே கம்பெனியார் அந்தப் படத்தை எடுத்தார்கள். அந்த வீட்டோடு லெடூர்னரை ஒரு மலைச் சரிவில் இறங்கச் சொல்ல அவர்களுக்கும் மனம் வந்திராது.

சரிவு வந்தால் கணக்கு அடியோடு மாறிவிடும். நூறு அடி தூரத்துக்கு ஏழு அடி உயரும் சாலையில் 7,000 ராத்தல் டிரெய்லர் 490 ராத்தல் விசையோடு டிரக்கைப் பின்னுக்கு இழுக்கும். திரும்பி இறங்கும்போது அதே 490 ராத்தல் முதுகில் கை வைத்துத் தள்ளும். கொலராடோ மாகாணத்தில் 70-ஆம் நம்பர் பெருஞ்சாலை, ஐஸன்ஹோவர் சுரங்கத்தின் வழியாக 11,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் ராக்கி மலைத்தொடரைக் கடக்கிறது. 1973-இல் திறந்த சுரங்கம் அது. அதன் மேற்கு வாயிலிலிருந்து இறங்கும் சரிவில், பிரேக் பிடிக்காமல் ஓடிவரும் லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சாலையோரத்தில் தனி மேட்டுப் பாதைகள் அமைத்திருக்கிறார்கள். அவற்றைக் கண்டால், இழுப்பதைவிட நிறுத்துவதுதான் பெரிய வித்தை என்பது குழந்தைக்கும் விளங்கும்.

எண் பிறந்த இடம்

இழுவைத் திறன் என்னும் அந்த எண் எப்படிப் பிறக்கிறது? முன் காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய முறையில் பரீட்சை நடத்தித் தனக்குப் பிரியமான எண்ணைப் பிரசுரித்தது. ஒருவர் 10,000 என்றால் மற்றவர் 10,500 என்பார். அடுத்த வருஷமே முதலாமவர் 10,700 என்பார். வண்டி மாறாவிட்டாலும் எண் மாறிவிடும். இந்த ஏலத்துக்கு முடிவு கட்டுவதற்காக மோட்டார் எஞ்சினீயர்களின் சங்கம் 2008-இல் 'ஜே 2807' என்ற பொது விதியை வகுத்தது. 2011-ஆம் வருஷத்து வண்டிகளுக்கு அதை முதலில் ஒப்புக்கொண்டது ஜப்பானிய டொயோட்டா கம்பெனி. அப்போது அதன் 'டண்டிரா' டிரக்குகளின் எண்கள் இறங்கின. மற்றவர்கள் உடனே பின்பற்றாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அமெரிக்காவின் மூன்று பெரிய கம்பெனிகளும் 2015-ஆம் வருஷத்து மாதிரிகள் வாக்கில்தான் வழிக்கு வந்தன.

விதி என்னவோ கண்டிப்பானதுதான். அரிசோனா, நெவாடா மாகாணங்களின் எல்லையில் கொலராடோ நதியின்மேல் டேவிஸ் அணை இருக்கிறது. அதனருகில், புல்ஹெட் ஸிட்டியிலிருந்து யூனியன் கணவாய் நோக்கிப் பாலைவனத்தின் நடுவே ஒரு சாலை ஏறுகிறது. பதினொன்றரை மைலுக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் ஏறத்தாழ 3,000 அடி ஏற்றம். பாரன்ஹீட் 100 டிகிரி உஷ்ணத்தில், உள்ளே குளிர்சாதனத்தை முழு வேகத்தில் ஓடவிட்டு, பின்னால் முழு டிரெய்லரையும் கட்டி அந்த ஏற்றத்தில் ஏற வேண்டும். சாதாரண பிக்-அப் வண்டியின் வேகம் எந்த இடத்திலும் மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகக் கூடாது. எஞ்சினும் கொதித்துவிடக் கூடாது. நின்ற நிலையிலிருந்து 30 விநாடிக்குள் 60 மைல் வேகத்தை எட்ட வேண்டும். நூற்றுக்குப் பன்னிரண்டு சரிவில் நிறுத்தி நிறுத்தி ஐந்து முறை கிளம்பிக் காட்ட வேண்டும். இதில் தேறிய வண்டியின் எஞ்சினையும் கியரையும் சந்தேகிக்க நியாயமில்லை.

ஆனால் பரீட்சையில் அந்த டிரக்குக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமோ? இரண்டே பேர்! ஆளுக்கு 150 ராத்தல் என்று விதியில் கணக்கு. குழந்தைகள் இல்லை; பாட்டி இல்லை; தொட்டியிலே சைக்கிள் இல்லை, விறகு இல்லை, ஜாமான் மூட்டை இல்லை. முகாமுக்குப் போகிற குடும்பம் எதுவும் இப்படிப் போவதில்லை என்பதுதான் சங்கதியின் சாரம்.

கதவுச் சீட்டு

டிரக்கின் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால், கதவு வந்து பொருந்தும் தூணில் மஞ்சளும் வெள்ளையுமான ஒரு சிறு சீட்டு ஒட்டியிருப்பதைக் காணலாம். டயர்களில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்பதோடு, இந்த வண்டியில் ஏறும் ஆட்களும் ஏற்றும் சாமான்களும் சேர்ந்து இத்தனை ராத்தலுக்கு ஒருபோதும் மேற்படலாகாது என்று அதில் அச்சிட்டிருக்கும். இதுதான் 'சுமைத் திறன்'. இழுவைத் திறன் அந்த மாதிரி வண்டிகள் அனைத்துக்கும் பொதுவாகச் சொன்ன பிரதாபம். கதவுச் சீட்டோ அந்த ஒரே வண்டிக்கென்று தொழிற்சாலையில் எழுதிய ஜாதகம். ஒரே பெயருடைய இரண்டு டிரக்குகளில் ஒன்றின் சீட்டு 1,900 என்றும் மற்றதன் சீட்டு 1,400 என்றும் சொல்லக்கூடும். கூரையில் கண்ணாடி ஜன்னல், தோல் ஆசனங்கள், நான்கு சக்கரங்களையும் ஓட்டும் யந்திரம் என்று அலங்காரமும் ஸௌகரியமும் ஏற ஏற, வண்டியின் சொந்த எடை கூடுகிறது, சுமக்கக்கூடியது குறைகிறது. அதிக விலை கொடுத்தவர் குறைவாகச் சுமக்கிறார்! 'அரை டன் டிரக்' என்று இவற்றை அழைக்கும் பழைய வழக்கத்தையும் நம்புவதற்கில்லை. ஆதியில் ஆயிரம் ராத்தல் சுமந்தபோது இட்ட பெயர், சுமை மாறியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, டிரெய்லர் தன்னுடைய சொந்தச் சக்கரங்களின் மேல்தானே போகிறது, அதற்கும் டிரக்கின் சுமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம் ஊரில் ஜட்கா ஏறிய தலைமுறையினர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். வண்டி கிளம்புமுன், "பின்பாரமாயிருக்கு, சாமி! கொஞ்சம் முன்னாலே தள்ளி உட்காருங்க!" என்று ஜட்காக்காரன் சொன்னது அவர்கள் காதில் இன்னும் ஒலிக்கும். இரட்டை மாட்டு வண்டியிலும் அதே நியாயந்தான். முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு, பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும். கொஞ்சம் முன்பாரம் இருப்பதே சவாரிக்கு உகந்தது.

டிரெய்லரின் முன்னால் நீண்டிருக்கும் ஏர்க்காலை அமெரிக்கர்கள் 'நாக்கு' என்கிறார்கள். அந்த நாக்கு டிரக்கின் பின்னாலுள்ள இரும்புக் குண்டின் மேல் வந்து உட்காருகிறது. டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரையில் அந்த நாக்கின் வழியாக டிரக்கின் மேல் இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பின்பாரம். குறைக்கவும் கூடாது, மறக்கவும் கூடாது. ஆகவே 7,000 ராத்தல் டிரெய்லரைப் பூட்டியவர், தம் டிரக்கின் முதுகில் எழுநூறு முதல் ஆயிரம் ராத்தல் வரையில் ஏற்றியவராகிறார். கதவுச் சீட்டின் எண்ணில் இதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். டிரக்கின் இழுவைத் திறன் 11,000 ராத்தல். கதவுச் சீட்டிலுள்ள எண் 1,500. டிரெய்லரின் விளம்பரத்தில் 6,200 ராத்தல் என்று போட்டிருக்கிறது. ஆகா, பாதிக்குச் சற்றே மேல்! பயமில்லை என்று தோன்றுகிறது.

ஆனால் 6,200 என்பது வெறும் வீட்டின் எடை. குடித்தனம் இல்லாத வீடு. அமெரிக்கக் காலன் நம் பழைய காலனைவிடச் சிறியது. ஆயினும் ஒரு காலன் தண்ணீர் எட்டேகால் ராத்தலுக்கு மேல் கனக்கும். நாற்பது காலன் தொட்டியை நிரப்பினால் 334 ராத்தல் ஆயிற்று. இரண்டு ஸிலிண்டர்களில் சமையல் வாயு நாற்பது ராத்தல். மின்சார பாட்டரி அறுபது. பிறகு பாத்திரம் பண்டம், மெத்தை தலையணை, துணிமணி, மடக்கு நாற்காலிகள், ஆயுதப் பெட்டி, குளிர்ப்பெட்டி நிறையக் காய்கறி, தயிர், மாவு. நம்மவர் வீடானால் அரிசி மூட்டையும் ஊறுகாய் ஜாடியும் குக்கரும் இல்லாமல் வண்டி நகராது. எல்லாம் ஏறி முடிந்தபோது டிரெய்லர் 7,400 ராத்தல் நிற்கிறது. அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 7,600 என்று வைத்துக்கொண்டால், அதற்குள் அடங்கிவிட்டது. அந்த மட்டில் க்ஷேமம்.

இப்போது டிரக்கின் பக்கம் வருவோம். 7,400-இல் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு நாக்குச் சுமை: 962 ராத்தல். பூட்டும் கருவி மட்டும் நூறு ராத்தல். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், பாட்டி ஆகிய ஐவரும் சேர்ந்து 620. தொட்டியில் சைக்கிள்கள், ஐஸ் பெட்டி, சிறிய மின்சார யந்திரம், விறகு எல்லாம் 200. கூட்டிப் பார்த்தால் 1,882 வருகிறது. சீட்டு அனுமதிப்பதோ 1,500! இழுவைத் திறனில் 3,600 ராத்தல் மிச்சமிருக்கும்போதே, சுமைத் திறன் 382 ராத்தல் கடந்துபோய்விட்டது.

கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னும் வியப்பாயிருக்கிறது. 1,500-இல் ஆட்கள், சாமான், கருவி மூன்றையும் கழித்தால் நாக்குக்கு மிஞ்சுவது 580. அது நூற்றில் பதின்மூன்று பங்காக இருக்கவேண்டுமானால், முழுச் சாமானோடு டிரெய்லர் சுமார் 4,450 ராத்தலுக்கு மேற்படக் கூடாது. பதினோராயிரம் என்று பறையடித்த டிரக், இந்தக் குடும்பத்தோடு போகும்போது, பாதிகூட இழுக்க லாயக்கில்லை! இழுவைத் திறனில் நூற்றுக்கு எண்பதுக்குள் நின்றால் போதும் என்று ஒரு வாய்ச் சூத்திரம் அங்கே வழங்கிவருகிறது. பதினோராயிரத்தில் எண்பது பங்கு 8,800. தவறான எண்ணை எடுத்துக்கொண்டு அதில் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் பயன் என்ன?

மீறினால் உடனே எதுவும் முறிந்துவிழுவதில்லை என்பதுதான் இதில் ஏமாற்றமான அம்சம். தெருக்கோடி வரையில் வண்டி சுகமாகவே போகும். ஆனால் பின் அச்சுக்கு அப்பால் தொங்கும் சுமை ஏற்றமரம் போல வேலை செய்கிறது: பின்புறம் தாழ, முன்புறம் எழுகிறது. முன் சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடிக்காதபோது, திருப்பும் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் மதிப்புக் குறைகிறது. இரவில் விளக்கு வெளிச்சம் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கிறது. பின் டயர்கள் அளவுக்கு மிஞ்சிச் சூடேறுகின்றன. மயிலிறகானாலும் அளவு மீறினால் அச்சை முறிக்கும் என்பது நம் வீட்டுக் குழந்தைகள் பாடமாகப் படித்த விஷயம். இங்கே ஏற்றுவதோ மயிலிறகல்ல.

பாரத்தைப் பங்கிடும் பூட்டு என்று ஒரு கருவி உண்டு. இரண்டு வில்கம்பிகள் நாக்கை நெம்பிப் பிடித்து, பின் அச்சில் குவியும் பாரத்தில் ஒரு பகுதியை டிரக்கின் முன் அச்சுக்கும் டிரெய்லரின் அச்சுகளுக்கும் தள்ளிவிடுகின்றன. மிக நல்ல கருவி. பெரிய டிரெய்லருக்கு அவசியமும்கூட. ஆனால் அதை மாட்டிவிட்டால் கதவுச் சீட்டின் எண் கூடிவிடும் என்று சில கடைக்காரர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. பாட்டியின் எடையை எந்த வில்கம்பியும் குறைக்காது. டிரக்கின் அடியில் குண்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்திலும் ஒரு சீட்டு உண்டு. பங்கிடும் பூட்டு இல்லாமல் இவ்வளவு, இருந்தால் இவ்வளவு என்று அதில் தனித்தனியே எழுதியிருக்கும். எந்தச் சீட்டின் எண் எல்லாவற்றிலும் சிறியதோ அதற்கே கட்டுப்பட வேண்டும்.

நாக்கின் சுமையைக் குறைத்துவிட்டால் தீர்ந்தது என்று எண்ணி, கனமான சாமான்களை டிரெய்லரின் வால்புறத்துக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. இதைப் போன்ற விபரீதம் வேறொன்றில்லை. பின்பாரமான டிரெய்லர் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும், ஒரு பெரிய லாரி பக்கத்தில் கடந்துபோன காற்று போதும், மீன் வாலைப்போல இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, கடைசியில் வால் தலையை ஆட்டுவிக்கும். டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து குறுக்கே விழுந்து கிடக்கும் காட்சி அந்நாட்டுச் சாலைகளில் அபூர்வமல்ல. ஆட்டம் தொடங்கினால் டிரக்கின் பிரேக்கை வேகமாக மிதிக்கக் கூடாது. திருப்பும் சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, எஞ்சினின் வேகத்தை மெல்லத் தளர்த்தி, டிரெய்லரின் மின்சார பிரேக்கை மட்டும் கையால் அழுத்த வேண்டும். இதற்காகவே ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. டிரெய்லரில் தண்ணீர்த் தொட்டி எங்கே அமைந்திருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். புறப்படும்போது முன் தொட்டியில் இருந்த தண்ணீர், இரண்டு நாள் குளித்துச் சமைத்தபின், அச்சுக்குப் பின்னாலுள்ள கழிவுத் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். போகும்போது முன்பாரமாயிருந்த வண்டி, திரும்பும்போது பின்பாரமாகிவிடும்!

கலிபோர்னியா மாகாணத்தில் டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டியும் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. மற்ற மாகாணங்களில் இவ்வளவு கண்டிப்பு இல்லாவிட்டாலும், குடும்பத்தோடு போகிறவர்கள் அந்தச் சட்டத்தைத் தாங்களாகவே எங்கும் கூடக் கொண்டுபோகலாம். பெட்ரோலும் மிச்சமாகும், ஏனெனில் அந்த வேகத்தில் எஞ்சினின் பெரும் உழைப்பு காற்றைப் பிளப்பதிலேயே போகிறது. 2021-க்குப் பிறகு வெளிவந்த மின்சார பிக்-அப் வண்டிகளில் இது இன்னும் தெளிவாயிற்று. இழுக்கும் பலத்தில் அவை யாருக்கும் இளைத்தவை அல்ல. ஆனால் சுவரைப்போல் நிமிர்ந்து நிற்கும் டிரெய்லரைப் பூட்டினால், ஒருமுறை மின்சாரம் ஏற்றி ஓடக்கூடிய தூரம் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிவிடுகிறது.

ஆகவே மேலே சொன்ன குடும்பம் என்ன செய்வது? சிறிய டிரெய்லர் வாங்கலாம். இதுவே நமக்கு உசிதமாகப் படுகிறது. அல்லது அதே டிரக்கில் அலங்காரம் குறைந்து சுமைத் திறன் கூடியதைத் தேடலாம். முக்கால் டன், ஒரு டன் என்று வழங்கும் கனரக டிரக்குகளும் இருக்கின்றன. அங்கும் ஒரு வேடிக்கை உண்டு: டீஸல் எஞ்சின் அதிகம் இழுக்கும், ஆனால் அந்த எஞ்சினே பல நூறு ராத்தல் கூடுதலாகக் கனப்பதால், அதே வண்டியில் பெட்ரோல் எஞ்சின் உள்ளதைவிடக் குறைவாகச் சுமக்கும். டிரக்கின் தொட்டிக்குள்ளேயே, பின் அச்சின் மேல் ஏறி உட்காரும் 'ஐந்தாம் சக்கரம்' என்ற பெரிய டிரெய்லர் வகை ஆட்டமின்றி நிதானமாக வரும் என்பது உண்மையே. ஆனால் தன் எடையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து வரையில் டிரக்கின் முதுகில் ஏற்றிவிடும். அரை டன் டிரக்குக்கும் அதற்கும் பொருத்தம் பார்ப்பது பெரும்பாலும் வீண் முயற்சி.

எடை மேடை

காகிதத்தில் போட்ட கணக்கு எவ்வளவு சரி என்பதை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். லாரிக்காரர்கள் தங்கிச் செல்லும் பெருஞ்சாலைச் சாவடிகளில் எடை மேடைகள் இருக்கின்றன. அயோவா மாகாணத்து வால்காட் என்னும் சிற்றூரில் 1977-இல் தொடங்கிய 'காட் ஸ்கேல்' கம்பெனிக்கு மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மேடைகள் உண்டு. பெரிய லாரிகளுக்காக ஏற்பட்டவையானாலும் டிரெய்லர் குடும்பங்களையும் நிறுத்துக் கொடுக்கிறார்கள். மேடை மூன்று பாகங்களாக இருக்கிறது. டிரக்கின் முன் அச்சு ஒன்றிலும், பின் அச்சு அடுத்ததிலும், டிரெய்லரின் சக்கரங்கள் மூன்றாவதிலும் நிற்கும்படி ஓட்டி நிறுத்த வேண்டும். எல்லோரும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பாட்டி இறங்கிக் காற்று வாங்கப் போனால் கணக்குப் பிசகிவிடும்.

முதலில் பங்கிடும் பூட்டின் கம்பிகளைத் தளர்த்திவிட்டு, டிரக்கையும் டிரெய்லரையும் சேர்த்து நிறுக்கிறார்கள். பிறகு டிரெய்லரைக் கழற்றி ஓரத்தில் நிறுத்திவிட்டு, டிரக்கை மட்டும் மறுபடி நிறுக்கிறார்கள். முதற் சீட்டில் டிரக்கின் இரண்டு அச்சுகளும் சேர்ந்து 7,010 என்றும், டிரெய்லரின் அச்சுகள் 6,240 என்றும், மொத்தம் 13,250 என்றும் வந்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டாவது சீட்டில் டிரக் மட்டும் 6,150. மொத்தத்தில் இதைக் கழித்தால் டிரெய்லரின் உண்மை எடை 7,100. டிரக்கின் இரண்டு எடைகளுக்கும் உள்ள வித்தியாசமாகிய 860 நாக்கின் சுமை. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு. பொருத்தம் சரி. டிரக்கின் மேல் நின்ற 7,010 அந்த டிரக்குக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடைக்குள் அடங்குகிறதா, பின் அச்சில் மட்டும் விழுந்தது அந்த அச்சின் எல்லைக்குள் இருக்கிறதா என்று கதவுத் தூணில் உள்ள மற்றொரு சீட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

மீண்டும் பூட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. குண்டின் அளவும் நாக்கின் கிண்ணத்தின் அளவும் ஒன்றாயிருக்க வேண்டும். 2 அங்குலக் குண்டின் மேல் 2 5/16 அங்குலக் கிண்ணம் நன்றாக உட்கார்ந்தது போலத் தோன்றி, முதல் பள்ளத்தில் துள்ளி வெளியே வந்துவிடும். காவல் சங்கிலிகள் இரண்டையும் நாக்கின் அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். பூட்டு விட்டுப் போனாலும் நாக்கு தரையில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும். வண்டி பிரிந்துபோனால் டிரெய்லரின் பிரேக்கைத் தானாகவே பிடிக்கச் செய்யும் மெல்லிய கம்பியைச் சங்கிலியோடு சேர்த்துக் கட்டாமல், டிரக்கில் தனியாக மாட்ட வேண்டும். சீட்டில் எடை மிஞ்சியிருந்தால் முதலில் திறக்க வேண்டியது தண்ணீர்த் தொட்டியின் குழாய். முகாமில் தண்ணீர் கிடைக்குமானால், முந்நூறு ராத்தலை மலைமேல் சுமந்துபோவானேன்? அடுத்தபடி விறகு, அது போகிற இடத்திலும் விலைக்குக் கிடைக்கும். ஊறுகாய் ஜாடியைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லத் துணியவில்லை.